முருகனைப் பாடியவர் நாத்திகர் ஆனார்

புரட்சிக் கவிஞர் பாரதிதாசனின் வாழ்க்கைக் கதை

மயிலம் என்ற ஊர் புதுவைக்கு வடமேற்கே இருக்கிறது. அங்கே ஒரு சிறு குன்று. குன்றின் மேல் முருகன் கோயில். பங்குனி உத்திரம் வந்தால் சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் காவடி எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

அந்த முருகன்மேல் ஒரு தமிழ் வாத்தியார் துதிப் பாடல்கள் பாடினார். 1926-ஆம் ஆண்டு அவை புத்தகமாக வந்தன. பக்தர்கள் படித்து உருகினார்கள்.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1933-ஆம் ஆண்டின் கடைசி நாள். சென்னையில் நாத்திகர் மாநாடு ஒன்று கூடியது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். தாம் என்றென்றும் நாத்திகரே என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஒருவர்.

அவர் வேறு யாரும் அல்ல. மயிலம் முருகனைப் பாடிய அதே வாத்தியார்தான்!

அவர் பெயர் கனக சுப்புரத்தினம். நாடு அறிந்த பெயர் பாரதிதாசன். கோயிலில் தொடங்கிய அந்த மனிதர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்? கடவுளை விட்டவர் எதைப் பிடித்துக்கொண்டார்? அதுதான் இந்தக் கதை.

வாத்தியார் வேலை

புதுவையில் கனகசபை முதலியார் என்ற வணிகர் இருந்தார். அவர் மனைவி இலக்குமி அம்மாள். இவர்களுடைய மகனாக 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி சுப்புரத்தினம் பிறந்தார்.

பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே பாட்டில் மோகம். நாடகம் என்றால் உயிர். திருப்புளிசாமி ஐயா போன்ற ஆசிரியர்களிடம் தமிழ் படித்தார். பிறகு கல்வே கல்லூரியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்து, முதல் மாணவராகத் தேறினார்.

1909-ஆம் ஆண்டு பிரெஞ்சு சர்க்கார் அவருக்கு உத்தியோகம் கொடுத்தது. காரைக்காலை அடுத்த நிரவி என்ற ஊரில் தமிழாசிரியர் வேலை. அப்போது அவருக்கு வயது 18. மீசை அரும்பும் பருவத்தில் வாத்தியார் ஆனவர், 37 ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தார். ஊர் ஊராக மாற்றல் வந்தது. மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு போனார்.

அதனால் ஒரு நன்மை விளைந்தது. புதுவை நகரத்தில் பிறந்தவர் கிராமத்தைக் கண்ணால் கண்டார்.

கொம்யூன் கிராமங்கள்

புதுவையிலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர் போனால் வில்லியனூர். தெற்கே இருபது கிலோமீட்டர் போனால் பாகூர். பிரெஞ்சுக்காரர்கள் 1880-ஆம் ஆண்டு இந்தச் சீமையைக் கொம்யூன்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேர் உண்டு. சர்க்கார் கட்டடங்களிலும் காகிதங்களிலும் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்கள் பிரெஞ்சு மொழியில் பளிச்சிட்டன.

ஆனால் ஊருக்குள் நிலைமை என்ன?

ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். குளம் வேறு, கிணறு வேறு. வயலில் நாற்று நட்ட கைக்குக் கோயில் வாசற்படியைத் தொட உரிமை இல்லை. அம்மை கண்டால் வைத்தியரைத் தேட மாட்டார்கள். அம்மன் கோபம் என்று வேப்பிலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பால் மணம் மாறாத பெண்ணுக்குத் தாலி ஏறும். மாப்பிள்ளை செத்துப்போனால், அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் மூலையில் உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், விதி!

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேர் பெரிய தேர். அந்தத் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். கவர்னர் கிறிஸ்தவர், ஆனாலும் ஊர் மரியாதைக்காக வடம் பிடிப்பார். இன்றைக்கும் அங்கே ஆட்சியில் இருப்பவர்கள் வடம் பிடிக்கிறார்கள். அதே ஊரில் லூர்து மாதா கோயிலும் உண்டு. பல மதத்தாரும் அங்கே போகிறார்கள். கொம்யூன் மக்களின் பக்தி அவ்வளவு விசாலமானது. ஆனால் வேற்று மதத்துக் கவர்னரின் கைக்குக் கிடைத்த வடம், சேரியில் பிறந்த உழவனின் கைக்குக் கிடைக்கவில்லை.

பாகூருக்கு இன்னொரு பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு கலாசாலை இருந்தது. பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் மானியமாகக் கொடுக்கப்பட்டன. செப்பேடுகள் அதைச் சொல்லுகின்றன. வேத சாத்திரங்கள் கற்றவர்கள் அங்கே இருந்தார்கள். ஏரிக்கரையில் ஏர் ஓட்டியவனின் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

இப்படிப்பட்ட ஒரு சீமையில்தான் சுப்புரத்தினம் கரும்பலகை முன்னே நின்று, அ ஆ சொல்லிக் கொடுத்தார்.

கல்யாண வீட்டில் வந்த திருப்பம்

1908-ஆம் ஆண்டு சுப்பிரமணிய பாரதியார் புதுவைக்கு வந்து சேர்ந்தார். ஆங்கில சர்க்காரின் பிடியிலிருந்து தப்பி வந்தவர் அவர்.

தலைப்பாகை கட்டிய அந்த மனிதரைத் தெருவில் சுப்புரத்தினம் பலமுறை பார்த்திருக்கிறார். யார் என்று தெரியாது. ரவிவர்மா படத்தில் இருக்கும் பரமசிவனைப் போன்ற முகம் என்று மட்டும் மனத்தில் பதிந்திருந்தது.

வேணு நாயக்கர் என்ற நண்பரின் கல்யாணம் வந்தது. விருந்து முடிந்து பாட்டுக் கச்சேரி. சுப்புரத்தினத்தைப் பாடச் சொன்னார்கள். பாரதியார் பாட்டு ஒன்றை எடுத்துக் கணீரென்று பாடினார். கூட்டத்தில் இருந்தவர்களின் பார்வை எல்லாம் ஒரு மூலைக்குத் திரும்பியது. அங்கே அந்தப் பரமசிவன் முகத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். பாட்டை எழுதியவரே அவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. வெலவெலத்துப் போனார் சுப்புரத்தினம்.

அன்று தொடங்கிய நட்பு, பாரதியார் புதுவையை விட்டுப் போன 1918 வரையில் நெருக்கமாக வளர்ந்தது.

ஒருநாள் நண்பர்கள் முன்னிலையில் பாட்டு எழுதும்படி சுப்புரத்தினத்தைப் பாரதியார் கேட்டார். எங்கும் சக்தியே நிறைந்திருக்கிறாள் என்ற பொருளில் இவர் பாடினார். பாரதியாருக்கு ஒரே மகிழ்ச்சி. தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறித்து, அதைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார்.

பாரதியார் சக்தி உபாசகர். ஆனால் சாதியை மிதித்தவர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்கு அவர் பூணூல் போட்டுவிட்டார். புதுவையில் பலர் முகம் சுளித்தார்கள். பாரதியார் லட்சியம் செய்யவில்லை. இந்தத் துணிவு சுப்புரத்தினத்தின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது.

தம் பெயரையே பாரதிதாசன் என்று வைத்துக்கொண்டார். தாசன் என்ற சொல்லைப் பக்தர்கள் சாமி பெயரோடு சேர்ப்பது வழக்கம். இவரோ அதை ஒரு மனிதரின் பெயரோடு சேர்த்தார். பிற்காலத்தில் இவர் போகப்போகும் வழிக்கு அதுவே ஓர் அறிகுறி போல இருந்தது.

சிறையும் கதரும்

பாரதிதாசன் திருபுவனையில் ஆசிரியராக இருந்தார். வில்லியனூரைத் தாண்டி, விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். சோழர் காலத்துப் பெருமாள் கோயில் உள்ள ஊர். முதல் உலகப் போர் முடிந்த சமயம் அது.

சர்க்காரைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். வேலையும் போயிற்று. பிறகு குற்றம் இல்லை என்று ஆகி, விடுதலை செய்தார்கள். அவர் அதோடு சும்மா இருந்துவிடவில்லை. வழக்காடினார். வேலையைத் திரும்பப் பெற்றார்.

1920-ஆம் ஆண்டு பழநி அம்மாளை மணந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய நேரம் அது. பாரதிதாசன் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து, தெருத் தெருவாகச் சென்று விற்றார். 1921 செப்டம்பரில் பாரதியார் காலமானார். குருவை இழந்த சீடர் தேசியப் பாட்டும் பக்திப் பாட்டும் எழுதி வந்தார். மயிலம் முருகன் துதியும் அப்போது வந்ததுதான்.

பாதை மாறியது

ஈரோட்டில் 1925-ஆம் ஆண்டு குடியரசுப் பத்திரிகையைத் தொடங்கினார் பெரியார் ஈ.வெ. ராமசாமி. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை. ஆணும் பெண்ணும் சமம். எதையும் அறிவைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். இதுதான் சுயமரியாதை இயக்கத்தின் உபதேசம். 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் நடந்த மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்றது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றது.

1928-ஆம் ஆண்டு வாக்கில் பாரதிதாசன் இந்த இயக்கத்தில் சேர்ந்தார். தாம் மட்டும் சேரவில்லை. தம் குடும்பத்தையே பகுத்தறிவு வழியில் நடத்தத் தொடங்கினார்.

இது ஒரே இரவில் நடந்த மாற்றம் அல்ல. இருபது ஆண்டுகள் கிராமத்தில் பார்த்ததை எல்லாம் அவர் மனம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. சாதியை எதிர்த்தால் அது சாமி வகுத்தது என்றார்கள். குழந்தை மணத்தை எதிர்த்தால் அது சாத்திரம் என்றார்கள். வறுமையைக் கேட்டால் முன்ஜன்ம வினை என்றார்கள். கேட்கும் கேள்விக்கெல்லாம் கோயிலைக் காட்டியே வாயை அடைத்தால், கேட்பவன் ஒருநாள் கோயிலையும் கேள்வி கேட்கத்தான் செய்வான். பாரதிதாசன் கேட்டார்.

தமிழ் நாட்டுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. சித்தர்களில் சிவவாக்கியர் கல்லைச் சுற்றி வருவதைக் கேலி செய்தார். புதுவைக்குத் தெற்கே வடலூரில், வள்ளலார் 1867-ஆம் ஆண்டு தரும சாலை திறந்து, பசித்தவனுக்குச் சோறிடுவதே பெரிய வழிபாடு என்று காட்டினார். இவர்கள் கடவுளை நம்பியவர்கள். 1880-களிலோ சென்னை இலௌகிக சங்கத்தார் தத்துவ விவேசினி என்ற பத்திரிகை நடத்தி, கடவுளே இல்லை என்று வெளிப்படையாக வாதாடினார்கள். பகத்சிங் தாம் நாத்திகர் ஆன காரணத்தை எழுதிய கட்டுரையை 1930-களில் ஜீவா தமிழில் தந்தார். இந்த நீண்ட வரிசையில் வந்து நின்றவர் பாரதிதாசன். ஆனால் மற்றவர்கள் வாதமாகச் சொன்னதை, இவர் பாட்டாகச் சொன்னார். பாட்டு, படிக்காதவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

மலை அசையவில்லை

1930-ஆம் ஆண்டு அவருடைய 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்ற சிறு காவியம் வெளிவந்தது. தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டும் அதே ஆண்டு வெளிவந்தது.

சஞ்சீவி மலைக் கதை சுவையானது. குப்பன் என்ற வாலிபனும் வஞ்சி என்ற பெண்ணும் காதலர்கள். மலையில் இரண்டு அதிசய மூலிகைகள் இருக்கின்றன. ஒன்றைத் தின்றால் உலகத்தார் பேசுவதெல்லாம் காதில் கேட்கும். மற்றொன்றைத் தின்றால் எங்கோ நடப்பது கண்ணில் தெரியும். வஞ்சி கேட்க, குப்பன் பறித்துக் கொடுக்கிறான்.

இருவரும் தின்கிறார்கள். வெளிநாட்டுப் பேச்செல்லாம் கேட்கிறது. பிறகு நம் நாட்டுப் பேச்சு கேட்கிறது. யாரோ சஞ்சீவி மலையை அனுமார் பெயர்த்துத் தூக்குவதாகச் சொல்லுகிறார்! குப்பன் நடுங்கிப் போகிறான். தான் நிற்கும் மலையே பறக்கப் போகிறது என்று அலறுகிறான். வஞ்சி சிரிக்கிறாள். மலை அசையவே இல்லை. கடைசியில் பார்த்தால், எங்கோ ஓர் ஊரில் பாகவதர் ராமாயணக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கதை முடிந்ததும் அவருக்குக் காணிக்கைப் பணம் சேருகிறது.

கதையில் ஒரு விசேஷம் உண்டு. பயப்படுகிறவன் ஆண். தெளிவு சொல்லுகிறவள் பெண். பெண்புத்தி பின்புத்தி என்று பழமொழி பேசிய காலத்தில், பகுத்தறிவை ஒரு பெண்ணின் வாயில் வைத்தார் பாரதிதாசன்.

அதே ஆண்டு டிசம்பரில் 'புதுவை முரசு' என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. பாரதிதாசன் அதற்கு ஆசிரியர் ஆனார். குத்தூசி குருசாமியும் அதில் எழுதினார்.

பிறகு வந்தது 1933-ஆம் ஆண்டு நாத்திகர் மாநாடு. தலைமை வகித்தவர் சிங்காரவேலர். 1923-ஆம் ஆண்டிலேயே சென்னையில் மே தினம் கொண்டாடியவர் அவர். அங்கேதான் பாரதிதாசன் கையெழுத்திட்டார். அவர் சர்க்கார் சம்பளம் வாங்கும் வாத்தியார்; மனைவி மக்கள் உள்ளவர். உற்றார் உறவினர் முகம் திருப்பிக்கொள்ளும் என்று தெரிந்தும் எழுதிய எழுத்து அது.

1934-ஆம் ஆண்டு அவருடைய இரணியன் நாடகம் பெரியார் தலைமையில் அரங்கேறியது. பிரகலாதன் கதையைப் புரட்டிப் போட்டு, இரணியனை வீரனாகக் காட்டிய நாடகம். பக்தர்கள் மனம் புண்பட்டார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாண சர்க்கார் அதற்குத் தடை விதித்தது.

பெயரை மாற்றவில்லை

இயக்கத்திலும் அவருக்கு ஒரு சோதனை வந்தது. பாரதியார் பிராமணர், சக்தியைப் பாடியவர். அவருக்குத் தாசன் என்று சுயமரியாதைக்காரர் ஒருவர் பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று தோழர்களே கேட்டார்கள்.

பாரதிதாசன் அசையவில்லை. சாதியை உண்மையாகவே வெறுத்த ஒரு மனிதரைத் தாம் நேரில் கண்டதாகவும், அந்த நன்றியை மறக்க முடியாது என்றும் விளக்கினார். 1935-ஆம் ஆண்டு கவிதைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்'!

கொள்கை வேறு, நன்றி வேறு. கடவுளைப் பற்றிய எண்ணத்தில் குருவும் சீடரும் எதிர் எதிர்த் திசையில் நின்றார்கள். அன்பு குறையவில்லை. ஒரு வீட்டில் அப்பா கோயிலுக்குப் போவார், பிள்ளை போகமாட்டான். அதற்காக உறவு அறுந்துவிட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல பாடம்.

கடவுள் இல்லை என்றால் ஒழுக்கம் எங்கே?

நாத்திகரைப் பார்த்து எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நரக பயம் இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப்போக மாட்டானா? சாமி பார்க்கிறது என்ற எண்ணம் போய்விட்டால், திருடாமல் இருப்பானா, பொய் சொல்லாமல் இருப்பானா?

பாரதிதாசன் இதற்கு மேடையில் மட்டும் பதில் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தைப் படைத்துக் காட்டினார். அதுதான் 1942 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த 'குடும்ப விளக்கு'.

பொழுது விடிந்தது முதல் இரவு வரை ஒரு நல்ல வீட்டில் என்ன நடக்கிறது என்று அதில் பாடினார். தலைவி படித்தவள். வீட்டுக் கணக்கும் பார்ப்பாள், கடையையும் கவனிப்பாள். மாமன் மாமியை அன்போடு பேணுவாள். விருந்தினரை முகம் மலர வரவேற்பாள். அடுத்தடுத்த பகுதிகளில் கல்யாணமும் மக்கட்பேறும் வருகின்றன. கடைசிப் பகுதி முதுமையில் கணவன் மனைவியிடையே நிலைத்த அன்பைச் சொல்லுகிறது. சொர்க்க ஆசையும் இல்லை, நரக பயமும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் பொய் இல்லை, சண்டை இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள அன்பே காவல்.

அதற்கு நேர் எதிராக 'இருண்ட வீடு' என்ற நூலையும் எழுதினார். அங்கே கல்வி இல்லை, சுத்தம் இல்லை, ஒழுங்கு இல்லை. மூட நம்பிக்கை மட்டும் நிறைய உண்டு. முடிவு அழிவுதான். சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, கடைசியில் கலங்க வைத்தார்.

இரண்டு நூல்களையும் சேர்த்துப் படித்தால் அவர் கருத்து விளங்கும். பக்தி இல்லாததால் வீடு கெடுவதில்லை. அறிவும் அன்பும் இல்லாததால்தான் கெடுகிறது. நன்மை செய்வதற்குக் காரணம் மேலுலகத்தில் இல்லை. பக்கத்து வீட்டில் பசித்திருக்கும் மனிதனிடம் இருக்கிறது.

இதைப் பக்தர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளாதவர் உண்டு. துன்பத்தில் சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டாமா என்று கேட்கிறார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஏழைத் தாய்க்கு அதுவே ஆறுதல் என்கிறார்கள். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாரதிதாசனின் சில பாடல்களில் கேலி காரமாகவே இருந்தது. ஆனால் அந்தத் தாயின் மகள் படிக்க வேண்டும், விதவையானால் மறுபடி மணம் செய்துகொள்ள வேண்டும், மகன் எந்தத் தெருவிலும் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று பாடியவரும் அவர்தான். கைம்பெண் கண்ணீரைப் பற்றி அவர் பாடிய பாட்டுகள், கோயிலுக்குப் போகும் வீடுகளிலும் கண்ணீரை வரவழைத்தன.

பாரதியார் முன்னிலையில் அவர் முதலில் பாடியது சக்தியை. பின்னாளில் பாடிய ஒரு பாட்டுக்கு அவர் வைத்த பெயர் 'மானிட சக்தி'. சக்தி என்ற சொல்லை அவர் விடவில்லை. அதை மனிதனின் கையில் கொண்டு வந்து வைத்தார். அவ்வளவுதான்.

புகழும் கஷ்டமும்

1938-ஆம் ஆண்டு அவர் கவிதைகளின் முதல் தொகுதி வெளிவந்தது. குத்தூசி குருசாமியும் குஞ்சிதம் அம்மையாரும் வெளியிட்டார்கள். 1946 ஜூலையில் சென்னையில் பெரிய விழா. அண்ணாவின் முயற்சியால் திரட்டிய 25,000 ரூபாய் பொற்கிழியை நாமக்கல் கவிஞர் முன்னிலையில் கொடுத்தார்கள். காந்தியக் கவிஞரும் புரட்சிக் கவிஞரும் ஒரே மேடையில் இருந்ததைக் கண்டு ஜனங்கள் மகிழ்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

புதுவையில் அவர் வாழ்ந்த வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? பெருமாள் கோயில் தெருவில்! நாத்திகக் கவிஞரின் முகவரியிலேயே கோயில் இருந்தது.

1954 அக்டோபர் 18-ந் தேதி வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. 1955-ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் பாரதிதாசன் புதுவைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருகாலத்தில் சர்க்காரைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று சிறையில் கிடந்தவர், சட்டசபையில் உட்கார்ந்தார்.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. முன்கோபம் உள்ளவர். நெடுநாள் தோழர்களோடும் மோதிக்கொண்டார். 'பாண்டியன் பரிசு' என்ற தம் காவியத்தைப் படமாக எடுக்க ஆசைப்பட்டுச் சென்னைக்குப் போனார். எண்ணம் ஈடேறவில்லை. பணமுடைதான் மிச்சம்.

அந்த நாளிலும் ஒரு நல்ல காட்சி உண்டு. 1962-ஆம் ஆண்டு தமிழ் எழுத்தாளர் சங்க விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் ராஜாஜி. ராமாயணத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் அவர். ராமாயணக் கதையைக் கேலி செய்து காவியம் பாடியவர் இவர். இருவரும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். பெரியவர்களின் பண்பு அது.

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் பாரதிதாசன் காலமானார். 73 வயது நிறைய எட்டே நாள் இருந்தது. உடலைப் புதுவைக்குக் கொண்டுவந்து, பாப்பம்மா கோயில் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

விதைத்தது முளைத்தது

அவர் இறந்த பிறகு புகழ் வளர்ந்தது. 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு 1969-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. நேரில் காணாமலே உயிர் நண்பரான புலவர், சோழ அரசன் ஆகிய இருவரின் கதை அது. சாமியின் பெயரால் அல்ல, நட்பின் பெயரால் உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்.

பெருமாள் கோயில் தெரு வீட்டைப் புதுவை அரசு 1971-ஆம் ஆண்டு எடுத்துக்கொண்டு நினைவகம் ஆக்கியது. 1982-ஆம் ஆண்டு திருச்சியில் அவர் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. புதுவையில் அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடப்படுவது அவர் பாட்டுத்தான்.

புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்துகொள்ளும் சுயமரியாதைக் கல்யாணம் ஒருகாலத்தில் செல்லாது என்றார்கள். 1967-ஆம் ஆண்டு அண்ணாவின் அரசு அதைச் செல்லுபடியாக்கிச் சட்டம் செய்தது. பிறகு புதுவைக்கும் அந்தச் சட்டம் வந்தது.

வில்லியனூரில் இன்றும் தேர் ஓடுகிறது. பாகூர் மூலநாதர் கோயிலில் மணி ஒலிக்கிறது. பாரதிதாசன் பாட்டினால் கோயில்கள் மூடிவிடவில்லை. ஆனால் அந்தக் கோயில் தெருக்களின் வழியாகக் காலையில் பெண் குழந்தைகள் புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகிறார்கள். ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அம்மை கண்ட குழந்தையை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

சாமி கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் இந்த மாற்றத்தை ஒருமுகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சேரி இன்னும் தனியாக இருக்கும் ஊர்கள் உண்டு. சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் வீடுகளும் உண்டு. முருகனைப் பாடி, பிறகு மனிதனைப் பாடிய வாத்தியார் தொடங்கிய பாடம் இன்னும் முடியவில்லை.